டிரைவர் சைடு, கிளீனர் சைடு

1

இந்தக் கதை என் கையெழுத்தால் வந்தது. இலக்கியக் கையெழுத்து என்று எண்ணிவிட வேண்டாம். திருப்பதியில் அலிபிரிக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன் நான். எங்கள் கடைக்கு வரும் சாமான்களில் பாதிக்கு அட்டைப்பெட்டி இருக்காது, பிளாஸ்டிக் பையில் வரும். எது எதற்கு என்று பையின்மேல் கறுப்பு மார்க்கரால் தெலுங்கில் எழுதுவது என் வேலை. பத்தொன்பது வருடமாக எழுதுகிறேன். அதில் இரண்டே இரண்டு பைகளின்மேல் நான் எழுதிய வார்த்தைகள் ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் போய் நான்கு நாள் சட்டமாக உட்கார்ந்துகொண்டன. என்ன வார்த்தைகள் என்று ஒளித்து வைத்து உங்களை இழுத்தடிக்க எனக்கு இஷ்டமில்லை. தலைப்பில் இருப்பவைதான்.

எழுதுகிற கிறுக்கும் எனக்கு உண்டு என்று தெரிந்த ஒரு பத்திரிகைக்காரர், "ஆந்திரா பார்டர் மண்வாசனையோட ஒண்ணு குடுங்களேன்" என்று கேட்டார். விரலை மோந்து பார்த்தேன். பிரேக் ஆயில் வாசனைதான் வந்தது. இருப்பதைத்தானே கொடுக்க முடியும்?

கன்னிகாவை உங்களுக்குத் தெரியாது. முப்பத்தாறு வயது. நகரிப் பக்கம் பிறந்தவள். புத்தலப்பட்டுக்கு அந்தண்டை ஒரு குன்றின் சரிவில் மாந்தோப்பு வைத்திருக்கும் கோவர்த்தனனைக் கட்டிக்கொண்டு பதினான்கு வருடம் ஆகிறது. என்னை அண்ணா என்பாள். சொந்தமெல்லாம் இல்லை. கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற தமிழ்க்காரன் ஊருக்கெல்லாம் அண்ணன். கீழே வருவதில் பெரும்பகுதி அவள் என்னிடம் சொன்னது, மிச்சம் அவன் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழுந்த இடங்களில் நான் எதையாவது வைத்து அடைத்திருப்பேன். அப்படி அடைத்த இடம் தெரிந்தால் திட்டுங்கள்.

2

தொடக்கம் வாய்க்கவில்லை. கிழித்துப் போட்டவற்றை இங்கேயே கொட்டுகிறேன்.

"குன்றின்மேல் மாமரங்கள் காற்றில் தலையாட்டிக்கொண்டிருந்த அந்த இனிய மாலைப்பொழுதில்" — நிறுத்தினேன். அன்றைக்குக் காற்றே இல்லையாம். மாலையும் இல்லை, காலை பதினொரு மணியாம்.

"பிரேக் என்பது என்ன? ஓடுவதை நிறுத்துவது மட்டும்தானா? நம் வாழ்க்கையிலும் கூட" — இதை எழுதிய கையை நானே அடித்தேன்.

"கோவர்த்தனன் குதித்தான்."

இது நல்ல வாக்கியம்தான். ஆனால் இதைப் படித்த கையோடு நீங்கள் அவனை வெறுத்துவிடுவீர்கள். பிறகு நான் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் அந்த வெறுப்பைத் துடைக்க முடியாது. அவனும் என் கடைக்கு வருகிறவன். அதனால் அந்த வாக்கியத்தை மூன்று பத்தி தள்ளி வைக்கிறேன்.

3

ஜீப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். ராணுவத்தில் கழித்துவிட்ட ஜீப். கோவர்த்தனனின் அப்பா எப்போதோ ஏலத்தில் எடுத்தது. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். [இதை அழகுக்காகச் சேர்த்தேன் என்று நினைக்க வேண்டாம். முதலில் நானும் அழகுக்காகத்தான் சேர்த்தேன்.] முன்சக்கரம் இரண்டுக்கும் யாரோ பிற்பாடு டிஸ்க் பிரேக் மாட்டியிருக்கிறார்கள். தோப்புக்கு டிராக்டர் ஏறாது, மினி லாரி ஏறாது, அந்த ஜீப் ஒன்றுதான் உறுமிக்கொண்டு ஏறும். கிளிமூக்கு மாங்காயெல்லாம் அதில்தான் கீழே வந்து ஜூஸ் பாக்டரிக்குப் போகவேண்டும்.

தோப்பிலிருந்து இறங்கும் பாதையில் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். வைகாசி கடைசியில் ஒரு நாள், காய் எவ்வளவு தேறும் என்று பார்த்துவிட்டு இரண்டு பேரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கோவர்த்தனன் ஓட்டினான். நியூட்ரலில் விட்டுத்தான் ஓட்டினான். இறக்கத்தில் கியரில் வா என்று அவனிடம் சொல்லாத மெக்கானிக் சித்தூர் முதல் திருப்பதி வரை கிடையாது. செவிடன் காதில் ஊதிய சங்கு.

பாதி இறக்கத்தில் பிரேக்கை மிதித்தான். பெடல் நேராகத் தரைக்குப் போனது. பழைய வண்டி, நான்கு சக்கரத்துக்கும் ஆயில் ஒரே வழியில்தான் போகும். ஓரிடத்தில் கசிந்து காலியானால் எல்லாம் போச்சு. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். அது சும்மா பேருக்கு இருப்பது.

கோவர்த்தனன் குதித்தான்.

[பார்த்தீர்களா, தள்ளி வைத்தும் அதே உறைப்பு.]

கன்னிகா குதிக்கவில்லை. ஆளில்லாத ஸ்டியரிங்கைப் பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் பிடித்து, மண்மேட்டுப் பக்கம் முழுசாகத் திருப்பினாள். ஜீப் மேட்டை உரசி உரசி ஒரு பாறையில் மோதி நின்றது. நெற்றியில் ஏழு தையல். முன்பல் ஒன்று பாதி போயிற்று. கோவர்த்தனனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னாலேயே ஓடிவந்து அவளைத் தூக்கியவனும் அவன்தான். அவனுடைய துண்டுதான் அவள் ரத்தத்தை நிறுத்தியது. இதை நான் மறந்துவிட்டு எழுதினேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

4

சண்டை அவன் குதித்ததற்காக இல்லை. உயிர்பயம் யாருக்கும் வரும், அது அவளுக்குத் தெரியும். சண்டை ஒரே ஒரு வார்த்தைக்காக.

"நா 'குதி'ன்னு கத்திட்டுத்தான் குதிச்சேன்" என்பது அவன் கட்சி.

"நீ ஒண்ணுமே சொல்லல. திரும்பிப் பாக்கறேன், சீட்டு காலியா கீது" என்பது அவள் கட்சி.

சொல்லிவிட்டுக் குதித்திருந்தால் அவன் அவளையும் கூட்டிக்கொண்டு குதித்தவன். சொல்லாமல் குதித்திருந்தால் அவளை விட்டுவிட்டுப் போனவன். பதினான்கு வருடத்துக் குடித்தனம் இந்த இரண்டெழுத்தில் வந்து நின்றுகொண்டது. "மாமா" என்று கூப்பிடுவதை அவள் நிறுத்திவிட்டாள். "இந்தா" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். சோறு வைப்பாள். "துன்னு" என்றுகூடச் சொல்லமாட்டாள்.

மூன்றாவது வாரம் அவன் பொறுக்கமாட்டாமல் சொன்னான்: "வா, காணிப்பாக்கம் போலாம். கொளத்துல முழுகிட்டு சாமி முன்னால சத்தியம் பண்றேன். அப்பவாவது நம்புவியா?"

இந்தப் பக்கத்தில் சத்தியம் என்றால் காணிப்பாக்கம் பிள்ளையார்தான். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்படமாட்டான் என்று திருடன்கூடப் பயப்படுவான். எத்தனையோ வழக்குகள் குளத்துத் தண்ணீரை உடம்பில் தெளித்துக்கொண்ட மாத்திரத்தில் தீர்ந்துபோயிருக்கின்றன. ஆகவே இது சரியான யோசனை என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

கன்னிகா கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவன் பொய்யாகச் சத்தியம் செய்தால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடும். மெய்யாகச் செய்தால் மூன்று வாரமாகத் தான் செய்தது அத்தனையும் பாவம். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி அவளுக்குத்தான். ஆனாலும் அவன் வாய்விட்டுக் கேட்டாயிற்று. "வெள்ளிக்கிழமை போலாம்" என்றாள், சுவரைப் பார்த்து.

அதற்கு முன்னால் ஜீப்பைச் சரி செய்தாக வேண்டும். காய் முற்றிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை கோவர்த்தனன் என் கடைக்கு வந்து முன்சக்கரப் பிரேக்குக்கு இரண்டு கேலிப்பரும் ஒரு செட்டு பேடும் வாங்கிக்கொண்டு போனான். பத்து வருடம் லாரி ஷெட்டில் வேலை செய்தவன், தானே மாட்டிக்கொள்வான். கேலிப்பர்கள் இரண்டு பைகளில் இருந்தன. ஒரு பையில் 'டிரைவர்' என்றும் இன்னொன்றில் 'கிளீனர்' என்றும் எழுதியிருந்தேன். நன்றாக, உருண்டையாக.

5

இந்தப் பகுதியை ஐந்து தடவை எழுதிவிட்டேன். கைவேலையைக் கதையில் எழுதுவது கொடுமை. எல்லா போல்ட்டையும் சொன்னால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள், சொல்லாமல் விட்டால் என் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். நடுவாந்திரமாகப் போகிறேன்.

சக்கரத்தைக் கழற்றினான். கேலிப்பர் என்பது டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டிருக்கும் இரும்பு. கவ்வும்போது டிஸ்க்கில் படுவது பேடு. பேடெல்லாம் தேய்ந்து வெறும் தகடுதான் மிச்சம் இருந்தது. ஒரு கேலிப்பர் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது, இன்னொன்றில் ஆயில் கசிந்து சக்கரமே நனைந்திருந்தது. பழையதைக் கழற்றி, புதுசை எடுத்து, பையில் என் கையெழுத்தைப் படித்து, டிரைவர் உட்காரும் பக்கத்தில் 'டிரைவர்' கேலிப்பரை மாட்டினான். மறுபக்கம் மற்றது. பேடு போட்டான். ஆயில் ஊற்றினான்.

இனிமேல்தான் வில்லங்கம். புது கேலிப்பர் மாட்டினால் ஏர் எடுக்க வேண்டும். குழாயில் மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்ற வேண்டும். ஒற்றை ஆளால் சுலபத்தில் ஆகாது. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தடியில் உட்கார்ந்து, கேலிப்பரில் இருக்கும் நிப்பிளைத் திறந்து, காற்றும் ஆயிலுமாகப் பீய்ச்சியதும் மூடவேண்டும். மூடின பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் போன காற்று திரும்பி உள்ளே வந்துவிடும். இதற்கு ஷெட்டுகளில் மூன்றே வார்த்தை.

மிதி. புடி. வுடு.

காணிப்பாக்கம் பேச்சைத் தவிர, மூன்று வாரமாகப் பேசாதவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் இவைதான்.

[இந்த இடத்தில் 'விதி' என்ற சொல்லைப் போட்டிருந்தேன். எடுத்துவிட்டேன்.]

"மிதி" என்றான் கோவர்த்தனன் கீழிருந்து.

மிதித்தாள்.

"புடி."

பிடித்தாள். காலடியில் பெடல் மெத்தென்று இறங்கியது.

"வுடு."

இப்படியே செவ்வாய்க்கிழமை முழுக்க. ஆயில் வந்தது, காற்று வந்தது, பெடல் மட்டும் நிற்கவில்லை. மிதித்தால் பஞ்சு மூட்டையில் கால் வைத்தது போல் போய்க்கொண்டே இருந்தது. புதன்கிழமையும் அப்படித்தான். மூன்று டப்பா ஆயில் மண்ணுக்குப் போயிற்று.

புதன்கிழமை மத்தியானம் அவனுக்குப் பொறுமை போனது. ஸ்பேனரைக் கீழே போட்டான்.

"நீ முன்னாடியே வுட்டுட்ற. அதான் காத்து உள்ள வருது."

"நா வுடல."

"வுடாம எப்டி காத்து வரும்? நா சொல்றதுக்கு முன்னாடியே காலை எடுத்துட்ற."

கன்னிகா சீட்டில் இருந்தபடியே சொன்னாள்: "சொல்றதுக்கு முன்னாடி வுட்டுட்டுப் போற பழக்கம் எனக்கு இல்ல. அது யாருக்குக் கீதுன்னு இந்த ஜீப்புக்கே தெரியும்."

அவன் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டான். அன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

6

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். எனக்குக் கோவர்த்தனன் பிடிபடவில்லை.

ஒரு பிரதியில் அவனைக் கோழையாக எழுதினேன். எழுதும்போது கை ஜோராக ஓடியது. ஆனால் அவன் துண்டு ரத்தத்தில் நனைந்து கிடந்தது ஞாபகத்துக்கு வந்து கெடுத்தது. இன்னொரு பிரதியில் கன்னிகாவுக்கு மோதிய அதிர்ச்சியில் காது அடைத்துவிட்டது, அவன் கத்தியது கேட்கவில்லை என்று எழுதினேன். அதைப் படித்துக் காட்டியபோது கன்னிகா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"அவுரு குதிச்சது மொதல்ல, வண்டி மோதினது அப்பறம். மோதறதுக்கு முன்னாடியே எனுக்குக் காது அடைச்சுதா ணா? நீ இன்னா எய்தற?"

அதையும் கிழித்தேன்.

அவன் தரப்பை, திங்கட்கிழமை கேலிப்பர் வாங்க வந்தபோதே கேட்டு வைத்திருந்தேன். மூச்சுவிடாமல் பேசினான். "சார், சத்தியமா கத்தினேன் சார். என் தொண்டை எனுக்குத் தெரியாதா? ராத்திரி படுத்தா அந்த சத்தம் எனுக்கே கேக்குது சார். அவ எதுக்குக் குதிக்காம குந்தினு இருந்தான்னுதான் தெர்ல. நா குதிச்ச மாதிரி அவளும் குதிச்சிருந்தா இந்த ஏழு தையல் எதுக்கு சார்? கையகலத்துல மண்மேடு கீது. மெத்துனு விழலாம்."

இதைக் கேட்டபோது நான் தலையாட்டினேன். நியாயமாகத்தான் பட்டது. நீங்களும் தலையாட்டியிருந்தால், உங்களையும் என்னோடு சேர்த்துக்கொள்கிறேன். இன்னும் கொஞ்சம் தள்ளி நமக்கெல்லாம் ஒரு குட்டு இருக்கிறது.

7

வியாழக்கிழமை காலை கடையில் கூட்டம். காணிப்பாக்கம் டிரிப் அடிக்கிற வேன்காரர் ஒருவர் "அன்னா, எந்தசேபு?" என்று கவுண்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று அவர் கேட்பதற்குப் பதில் சொல்வதற்குள் போன். கன்னிகா.

"அண்ணா, கீழ எறங்கிப் பாத்தேன் ணா. அவுரு கெணத்தாண்ட கீறாரு. நீ சொல்லு, அந்த நிப்பிள் கேலிப்பர்ல மேல இருக்கணுமா, கீழ இருக்கணுமா?"

"மேலதாம்மா. காத்து மேலதானே வந்து நிக்கும்? மேல இருந்தாத்தான் வெளிய போவும்."

"இங்க ரெண்டுலயும் கீழ கீது."

எனக்கு எரிச்சல். பத்து வருட லாரி ஷெட்டு ஆள் இப்படிச் செய்வானா? "பக்கம் மாத்தி மாட்டிட்டாரும்மா. ரெண்டு கேலிப்பரும் ஒரே மாதிரிதான் இருக்கும், எந்தப் பக்கம் வேணா ஒக்காரும். ஆனா மாத்திப் போட்டா நிப்பிள் கீழ போயிடும். பையிலதான் எழுதியிருக்கேனே, படிக்கத் தெரியாதா அவருக்கு?"

"படிச்சுதான் மாட்னாரு. பை என் கையிலதான் கீது. டிரைவர் குந்தற பக்கம் டிரைவர் சைடு, அந்தப் பக்கம் கிளீனர் சைடு. கரீட்டாதான் போட்டுகீறாரு."

வேன்காரர் மறுபடி தட்டினார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

இதை உங்களுக்கு விளக்கியாக வேண்டும். எங்கள் தொழிலில் இடது, வலது என்று சொல்லமாட்டோம். சொன்னால் ஒருவன் வண்டிக்கு எதிரே நின்று பார்ப்பான், ஒருவன் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பான், இருவருக்கும் இடது வேறு வேறு. தமிழில் ஒன்று சொல்லித் தெலுங்கில் ஒன்று புரிந்துகொள்கிற கூத்து தனி. அதனால் டிரைவர் சைடு, கிளீனர் சைடு. டிரைவர் வலது, கிளீனர் இடது. கிளீனரே இல்லாத காருக்கும் எங்களிடம் கிளீனர் சைடு உண்டு. நாடு முழுக்க டிரைவர் வலது பக்கம் உட்காருகிறான் என்ற தைரியத்தில் ஓடுகிற பாஷை இது.

"கன்னிகா," என்றேன். "உங்க ஜீப்புல ஸ்டியரிங் எந்தப் பக்கம்?"

"எடது பக்கந்தான் ணா."

மூன்றாம் பகுதியில் நானே எழுதியிருக்கிறேன், இடது பக்கம் என்று. அடைப்புக்குறி வேறு போட்டு. பத்தொன்பது வருடம் அவனுக்குச் சாமான் விற்றவன், எழுதுகிறவன், இரண்டு வேலையிலும் கோட்டைவிட்டேன்.

"அப்ப என் பக்கத்துது வலது பக்கம்" என்றாள் கன்னிகா மெதுவாக. "நாடெல்லாம் டிரைவர் குந்தற எடத்துல நா குந்தினு போறேன். ஆனா பேரு கிளீனர் சைடு. அப்ப நா கிளீனரா ணா?"

"மாத்திப் போடச் சொல்லும்மா. மாத்தினா நிப்பிள் மேல வந்துரும்" என்று மட்டும் சொன்னேன்.

மாற்றிப் போட்டார்கள். மறுபடி மிதி, புடி, வுடு. நாலாவது தடவை புஸ் புஸ்ஸென்று காற்று வந்தது. ஏழாவது தடவை கன்னிகாவின் காலடியில் பெடல் கல்லாக நின்றது. "வுட்டது நா இல்லன்னு இப்பத் தெரிஞ்சுதா?" என்றாள். கோவர்த்தனன் நிப்பிளைத் துடைத்துக்கொண்டே, "தெரிஞ்சுது" என்றான். அவ்வளவுதான் மன்னிப்பு. எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகளிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது ஆட்டுக்குத் தாடி வைத்ததற்குக் காரணம் கேட்பது போல.

8

முடிவுக்கு வந்துவிட்டேன். மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) வெள்ளிக்கிழமை, காணிப்பாக்கம். குளத்தில் முழுகி ஈரத்துணியோடு அவன் நிற்கிறான். வாய் திறக்கும் நேரத்தில் கன்னிகா ஓடிப்போய் அவன் வாயைப் பொத்து— வேண்டாம். கோயிலில் மணியடித்து முடிக்கிற கதைகளை நான் படிப்பதே இல்லை, எழுதுவது எப்படி?

(ஆ) சரிவில் மறுபடி பிரேக் போய், இந்தத் தடவை அவன் குதிக்காமல்— சீ. நான் விற்ற சாமான் அது. கை கூசாமல் எழுதுவேனா?

(இ) கன்னிகா சொன்னது. இதில் நான் எதையும் அடைக்கவில்லை.

வியாழன் சாயங்காலம் வீட்டு முன்னால் சமதரையில் நாலு தடவை ஓட்டிப் பார்த்தார்கள். ஜீப் சொன்ன இடத்தில் நின்றது. தோப்புக்குப் போய் இறங்கிப் பார்த்தால்தான் நம்பலாம் என்றான் கோவர்த்தனன். "சரி. நா ஓட்றேன்" என்று, பிறந்த வீட்டில் டிராக்டர் ஓட்டிப் பழகிய கன்னிகா போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். அவன் சுற்றி வந்து மறுபக்கம் ஏறினான். பதினான்கு வருடத்தில் அந்த சீட்டில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஏறும்போது ஒன்றும் இல்லை. அவன் கைப்பக்கம் மண்மேடு வந்தது. செடியைப் பிய்த்துக்கொண்டே வந்தான். மேலே போய் வண்டியைத் திருப்பி, இறக்கத்தின் தலையில் கொண்டுவந்து நிறுத்தினாள். கியரில் போட்டு, கிளட்ச்சும் பிரேக்கும் மிதித்தபடி. பழைய ஜீப், கதவு கிடையாது. கோவர்த்தனன் தன் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

மண்மேடு அங்கே இல்லை. அது இப்போது கன்னிகா பக்கம் இருந்தது. அவன் பக்கம் முழங்காலுக்கு வெளியே பாதையே முடிந்துபோயிருந்தது. கீழே கருங்கல். அதற்கும் கீழே யாருடையதோ தக்காளித் தோட்டம், குச்சி நட்டிருப்பது சின்னச் சின்னதாகத் தெரிந்தது.

[மூன்றாம் பகுதியில் நான் எழுதியதைத் திரும்பிப் பாருங்கள். 'ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம்.' எந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கையகலத்தில் மண்மேடு என்று அவன் சொன்னபோது தலையாட்டினேன்.]

அவன் குனிந்து கீழே எட்டிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"இங்க எங்க குதிக்கிறது?"

அழுகை வரும் என்று நினைத்தாளாம். வரவில்லை. எரிச்சல்தான் வந்ததாம், கால்முதல் தலைவரை. இந்த ஆளுக்கு இது தெரிய இத்தனை நாளா? மூன்று வாரமாக 'குதி' என்று சொன்னானா இல்லையா என்று மென்றுகொண்டிருந்தாளே, அவள் கேட்டிருக்க வேண்டியது அது இல்லை. சொல்லியிருந்தாலும் அவளுக்குக் குதிக்க இடமில்லை. தன் பக்கத்தை வைத்தே அவள் பக்கத்தையும் அவன் முடிவு செய்திருந்தான். அவளும், அவள் பக்கம் என்று ஒன்று இருப்பதை அவனுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

"நா கத்தினேன் கன்னிகா" என்றான். குரலில் பழைய உறுதி இல்லை. "கத்தினேன்னுதான்... இப்ப எனுக்கே..."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றாள் அவள். "காணிப்பாக்கம் போறமா?"

அவன் தக்காளித் தோட்டத்தைப் பார்த்தான்.

"பயமா இருந்தா எறங்கி நடந்து வா. நா மெதுவா எறக்கறேன்."

அவன் இறங்கவில்லை. முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பள்ளத்துப் பக்கத்து முழங்காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"மிதிச்சினுதானே கீற?" என்றான்.

"மிதிச்சினுதான் கீறேன்."

"புடி."

பிடித்தாள்.

9

அவர்கள் உயிரோடு இறங்கினார்களா என்று கவலைப்படுகிறவர்கள் நிம்மதியாக இருக்கலாம். அடுத்த திங்கட்கிழமை கன்னிகா கடைக்கு வந்து இதையெல்லாம் சொன்னாள். வாசலில் ஜீப் நின்றது. பின்னால் மாங்காய்க் கூடைகள். என்னிடம் மார்க்கரை வாங்கி, நான் எழுதிய இரண்டு பைகளிலும் 'டிரைவர்', 'கிளீனர்' இரண்டையும் அடித்துவிட்டு 'குடி', 'எடம' என்று வலதும் இடதும் தெலுங்கில் எழுதி, "இனிமே இப்டி எய்து ணா" என்று கவுண்டரில் வைத்தாள்.

"அப்புறம், அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"எப்ப?"

"புடின்னு சொன்னதுக்கு அப்புறம். வெள்ளிக்கிழமை போனீங்களா இல்லையா?"

அவள் சிரித்தாள். உடைந்த பல் தெரிந்தது. "எல்லாத்தையும் உங்கிட்ட சொல்லிட்டா நீ எய்திப்புடுவ" என்று சொல்லிவிட்டு, எந்தப் பக்கம் ஏறுகிறாள் என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் போய்விட்டாள். வேன்காரர் வந்து மறைத்துக்கொண்டார்.

ஆகவே மூன்றாவது வார்த்தை, அந்த 'வுடு', என்னிடம் இல்லை. ஷெட்டில் அதற்குக் காலை எடு என்று பொருள். வீட்டில் அதே வார்த்தைக்கு, போனது போகட்டும் என்று பொருள். அதை அவன் சொன்னானா, இல்லை அவன் சொல்லாமலேயே அவள் காலை எடுத்தாளா, எனக்குத் தெரியாது. பத்தொன்பது வருட அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டது, தெரியாத பக்கத்துக்குப் பேர் எழுதக் கூடாது என்பதுதான்.

சீட்டு காலியாகத்தான் இருக்கிறது. ஏறி உட்காருங்கள். ஸ்டியரிங் இடது பக்கம், மறந்துவிடாதீர்கள். உங்கள் கைப்பக்கம் மண்மேடு. உங்களுக்கு வலது பக்கத்தில் ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு வலது பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பெடல் கல் மாதிரி நிற்கிறது, அதற்கு நான் பொறுப்பு.

மிதியுங்கள். பிடியுங்கள்.